சங்கக் கணக்கும் ஊர்க் கணக்கும்

2024 நவம்பர் 23 அன்று மதுரை மாவட்டத்து மேலூர் வட்டார ஊர்களில் கூடியது வழக்கமான கிராம சபைதான். உள்ளாட்சி நாளான நவம்பர் 1 அன்று நடந்திருக்க வேண்டியது, தீபாவளி விடுமுறையால் தள்ளிப்போயிருந்தது. இடையில் நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் எடுத்த செய்தி வந்தது. ஏலப் பரப்பு ஏறத்தாழ 5,000 ஏக்கர். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அதற்குள் வந்தது. கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் எழுதப்பட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-இல் மேலூர்ப் பக்கமிருந்து மதுரை நகரின் தல்லாகுளம் வரை மக்கள் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ஒரு கிராம சபைத் தீர்மானத்தால் சுரங்கத்தைத் தடுக்க முடியுமா என்று அப்போது பலரும் கேட்டார்கள். சட்டப்படி முடியாது. கிராம சபையின் கருத்தைக் கட்டாயமாகக் கேட்கச் சொல்லும் பெசா சட்டம், அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும் பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பகுதி ஏதும் இல்லை. ஆனாலும் அந்தத் தீர்மானங்களுக்கு எடை இருந்தது. ஊர் கூடியதும், பேசியதும், எழுதியதும், கையெழுத்திட்டதும் அரசுப் பதிவேட்டிலேயே ஏறிவிட்டன. மனுவை அலுவலகம் கிடப்பில் போடலாம். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய வரியை அத்தனை எளிதாக ஒதுக்க முடியாது.

கூடி உட்கார்வது, கணக்கைப் படிக்கச் சொல்வது, தீர்மானத்தைச் சரியாக எழுதுவது, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுவது. ஊர்ப் பொதுவிடத்தில் முதன்முதலாக மைக்கைப் பிடிக்கும்போது இந்த நான்கும் ஒருவருக்குத் திடீரென்று வந்துவிடுவதில்லை. சின்ன இடத்தில் பழகியிருக்க வேண்டும். மக்கள் அமைப்புகளின் முதன்மையான பயன் அந்தப் பழக்கம்தான் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. உறுப்பினரை வலுப்படுத்துவதும் ஆட்சியைச் சீர்படுத்துவதும் திட்ட அறிக்கைகளில் இரு தனித் தலைப்புகளாக இருக்கும். மதுரை வட்டாரத்தில் நடந்தவற்றைப் பார்த்தால் இரண்டும் ஒரே பயிற்சியின் இரு கட்டங்களாகத் தெரிகின்றன.

யாருக்கு ஓட்டு, யாருக்கு இல்லை

‘தொண்டு நிறுவனம்’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். ஆனால் ஓர் அமைப்பு எந்தச் சட்டத்தில் பதிவானது என்பதைப் பொறுத்து உறுப்பினரின் நிலை தலைகீழாக மாறும். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிய குறைந்தது 7 பேர் வேண்டும். அங்கே பொதுக்குழு உண்டு, ஆண்டுக் கூட்டம் உண்டு, நிர்வாகிகளை ஓட்டுப் போட்டு மாற்றலாம், கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். அறக்கட்டளை அப்படியல்ல. அதை நடத்துபவர்கள் அறங்காவலர்கள். பயன்பெறுவோர் ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. அறக்கட்டளைகள் நல்ல வேலை செய்வதில்லை என்று சொல்லவில்லை. ‘எங்கள் உறுப்பினர்கள்’ என்று அவை பேசும்போது, அந்த உறுப்பினர் எந்தக் காகிதத்தில் உறுப்பினராக இருக்கிறார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே விஷயம்.

இந்த இடைவெளியைக் கடக்க மதுரையில் ஒரு வழி உருவானது. 1997-இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய தானம் அறக்கட்டளை, பெண்களுக்குக் களஞ்சியம், கண்மாய்ப் பாசன விவசாயிகளுக்கு வயலகம் என்று உறுப்பினர் அமைப்புகளைத் தனியே வளர்த்தது. அடியில் குழு, அதற்கு மேல் தொகுப்பு, அதற்கும் மேல் வட்டாரக் கூட்டமைப்பு என்ற மூன்றடுக்கு. பணமும் முடிவும் உறுப்பினர்களிடம், பயிற்சியும் துணையும் அறக்கட்டளையிடம் என்ற பிரிப்பு அதில் இருக்கிறது. அழகர்கோவில் பக்கம் புல்லுசேரியைச் சேர்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி சின்னப்பிள்ளை களஞ்சியத் தலைவியாக வளர்ந்து, 2001-இல் பிரதமர் வாஜ்பாயிடம் ஸ்திரீ சக்தி விருதும், 2019-இல் பத்மஸ்ரீயும் பெற்றது பலருக்கும் தெரியும். அதற்கு முன்பே அவர் வயல்வேலைக்கு ஆள் சேர்த்துக் கூலி பேசிய கொத்துத் தலைவி. பேரம் பேசும் திறம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதை வங்கி வரைக்கும் அரசு அலுவலகம் வரைக்கும் கொண்டுபோக ஓர் அமைப்பு கிடைத்தது.

மாதக் கூட்டத்தில் நடப்பது

சுயஉதவிக் குழு என்பது 12 முதல் 20 பெண்கள். தமிழ்நாட்டில் அரசின் மகளிர் திட்டத்திலும், அதற்கு வெளியே நிறுவனங்கள் நடத்தும் குழுக்களிலும் அடிப்படை விதிகள் ஐந்துதான்: தவறாமல் கூடுவது, தவறாமல் சேமிப்பது, சேமிப்பை உள்ளுக்குள் கடனாகச் சுற்றவிடுவது, உரிய காலத்தில் திருப்புவது, கணக்கை உடனுக்குடன் எழுதுவது. குழுவை வழிநடத்த ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு–கடன் பேரேடு, ஒவ்வொருவர் கையிலும் பாஸ் புத்தகம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 15 பேர் மாதம் 200 ரூபாய் சேமித்தால் மாதத்துக்கு 3,000, ஆண்டுக்கு 36,000. இதிலிருந்து ஒருவர் 5,000 ரூபாய் எடுத்து, மாதம் 500 வீதம் பத்து மாதத்தில் அசலைக் கட்டுகிறார். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். மீதி அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 50, அடுத்த மாதம் 45 என்று குறைந்துகொண்டே வந்து, மொத்த வட்டி 275 ரூபாயில் முடியும். அதே ஒரு ரூபாய் வட்டியை முழு அசலுக்கும் பத்து மாதம் போட்டால் 500. சொல்வது ஒரே வட்டி, வாங்குவது கிட்டத்தட்ட இரு மடங்கு. இதே 5,000 ரூபாயை வெளியே பத்து வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 500 கட்டுவார்; பத்து மாதத்தில் வட்டியே 5,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். கந்து வட்டிக்கு எதிராக 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் அவசரத்துக்கு 5,000 ரூபாய் வேறெங்கும் கிடைக்காத வீட்டுக்கு அந்தச் சட்டம் தூரத்தில்தான் இருக்கிறது. சந்தைக்குப் போகும் பூக்காரருக்கு மறுநாள் காலையில் கைமுதல் வேண்டும். அதைக் கொடுக்கும் குழுதான் அவரை, நேரம் கடக்கக் கடக்க ஏறும் மீட்டர் வட்டிக்காரரிடம் போகாமல் தடுக்கிறது.

அந்த 275-க்கும் 500-க்கும் உள்ள வேறுபாட்டைத் தன் பாஸ் புத்தகத்தில் ஒருமுறை பார்த்துவிட்ட பெண், நுண்கடன் நிறுவனத்தின் அட்டையை அடுத்த முறை வேறு கண்ணோடு பார்ப்பார். பிணையில்லாமல் 20 லட்சம் ரூபாய் வரை குழுவுக்கு வங்கிக் கடன் உண்டு என்பது தெரிந்தவர், கிளை மேலாளர் ‘நிரந்தர வைப்பு போட்டால்தான் தருவோம்’ என்றால் எதிர்க்கேள்வி கேட்பார்.

குழுக்கள் கெட்டுப்போகும் விதமும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கணக்கைக் கூட்டத்தில் எழுதாமல் ஊக்குநர் வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதுவது முதல் அடையாளம். அடுத்து, பாஸ் புத்தகங்களை ‘மொத்தமாக வரவு வைத்துத் தருகிறேன்’ என்று வாங்கி வைத்துக்கொள்வது. பிறகு, வெறும் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்குவது. கடைசியில் பெரிய வங்கிக் கடன் வரும்போது உறுப்பினர்கள் பேரில் பணம் எழுதப்பட்டு, ஒருவரோ இருவரோ மொத்தமாக எடுத்துக்கொள்வது. தவணை தவறிய பிறகே மற்றவர்களுக்குத் தெரியவரும். இத்தனைக்கும் காரணம் கெட்ட எண்ணம் மட்டும் என்று சொல்ல முடியாது. எழுதத் தெரிந்தவர் குழுவில் ஒருவர்தான் என்றால் வேலை முழுக்க அவர் தலையில் விழுகிறது. வேலையோடு அதிகாரமும் அவரிடம் சேர்ந்துவிடுகிறது.

இதற்குச் செய்யக்கூடியவை எளியவை, ஆனால் மாதாமாதம் செய்ய வேண்டியவை. கூட்டம் முடியுமுன் பெட்டியில் உள்ள ரொக்கத்தை எண்ணி, ரொக்கப் புத்தகத்தின் இருப்போடு பொருத்த வேண்டும். யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை உரக்கப் படிக்க வேண்டும். எழுத்தறியாதவருக்கும் காது இருக்கிறது, நினைவு இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவு போட்டு எல்லோரும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பிரதிநிதிகளை மாற்ற வேண்டும். பொறுப்பு மாறப்போகிறது என்று தெரிந்தாலே, அடுத்தவர் கணக்கு எழுதக் கற்றுக்கொள்ளத் தொடங்குவார். கூட்டத்தில் ‘என் கணக்கைக் காட்டுங்கள்’ என்று சொல்லும் உறுப்பினரைச் சண்டைக்காரி என்று ஒதுக்குகிற குழுவை மேலே உள்ள கூட்டமைப்பு முதலில் கவனிக்க வேண்டும்.

கிராம சபைக்குப் போகும்போது

மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், 420 ஊராட்சிகள். ஒவ்வோர் ஊராட்சியிலும் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் 2022-இல் சேர்ந்தவை. கூட்டம் செல்லுபடியாக ஊராட்சி மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்த வருகை வேண்டும்: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக்கூடாது. ஒரே இடத்தில் நடத்தாமல் உட்கடைக் கிராமங்களுக்கும் சுழற்சியில் கொண்டுபோக வேண்டும். இந்தக் கடைசி இரண்டு விதிகளும் சின்னதாகத் தெரியலாம். ஊர்ப் பொதுவிடமான மந்தையில், கோயில் வாசலில் கூட்டம் போட்டால் காலனியிலிருந்து எத்தனை பேர் வந்து உட்காருவார்கள், உட்கார்ந்தாலும் எத்தனை பேர் பேசுவார்கள் என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

குறைந்த வருகைக் கணக்கை நிறைவுசெய்யச் சுயஉதவிக் குழுப் பெண்களைத் திரட்டுவது வழக்கமாகிவிட்டது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்குச் சொல்லியனுப்பினால் பெண்கள் வந்து கையெழுத்திட்டுப் போய்விடுகிறார்கள். வருகைக் கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதும் பழக்கம் இங்கேதான் ஆபத்தாகிறது. அவர்கள் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதப்பட்டது என்பது அவர்களுக்கே தெரியாது. தன் குழுவில் தீர்மானம் எழுதி முடித்து, வாசித்து, அடியில் கோடு போட்ட பிறகே கையெழுத்திடும் பெண், அதே முறையைக் கிராம சபையில் கேட்டால் போதும். கேட்பவர் ஒருவராக இல்லாமல் பத்துப் பேராக இருந்தால் தலைவரும் செயலரும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தீர்மானத்தின் சொற்கள் முக்கியம். ‘கண்மாயைத் தூர்வார வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற வரியால் யாருக்கும் வேலை இல்லை. எந்தச் சர்வே எண், எத்தனை ஏக்கர், தண்ணீர் வரும் வரத்துக்காலா, பாயும் மடையா, உபரி வழியும் கலிங்கா, எந்தத் துறையின் பொறுப்பு, எந்த நாளுக்குள், நகல் யார் யாருக்கு என்பவை வரியில் இருந்தால் அது பின்தொடரக்கூடிய தீர்மானம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையிடம், அதற்குக் கீழானவை ஊராட்சி ஒன்றியத்திடம் என்ற பிரிவு தெரியாமல் தவறான அலுவலகத்துக்கு எழுதியே ஆண்டுகள் கழிந்த ஊர்கள் உண்டு. கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது சென்ற கூட்டத் தீர்மானங்களின் நிலை. அடுத்தது ஊராட்சியின் வரவு செலவு அறிக்கையான படிவம் 30. ஊராட்சியின் முதல் வங்கிக் கணக்கு பொது நிதிக்கு, இரண்டாவது மின் கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும், மூன்றாவது திட்ட நிதிக்கு. ‘பணம் இல்லை’ என்று பதில் வந்தால், எந்தக் கணக்கில் இல்லை என்று கேட்பது பயனுள்ள அடுத்த கேள்வி.

ஒரு யூனிட் மண்

கண்மாய் வேலைகளில் கணக்குக் கேட்பதற்கு உழவர்களிடம் உள்ள அறிவு பொறியாளர்களுடையதற்குக் குறைந்ததல்ல. டிராக்டர் டிப்பர் ஒன்றில் கொள்வது ஏறத்தாழ 100 கன அடி. அதைத்தான் ஒரு யூனிட் என்கிறோம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஓர் அடி ஆழம் வெட்டினால் 43,560 கன அடி, அதாவது 435 நடைக்கு மேல். பத்து ஏக்கரில் ஓர் அடி தூர்வாரியதாகப் பட்டியல் வந்தால் 4,356 நடை மண் வெளியே போயிருக்க வேண்டும். நாளொன்றுக்கு 100 நடை போனாலும் 43 நாளுக்கு மேல் வேலை ஓடியிருக்கும். எந்திரம் ஒரே வாரம்தான் நின்றது என்பது கரையில் மாடு மேய்த்தவருக்குத் தெரியும். வண்டிகளை எண்ணி எழுதி வைக்கும் ஒருவரைச் சங்கம் அமர்த்தியிருந்தால், அந்த நோட்டை, முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் அதிகாரப்பூர்வ அளவுப் புத்தகத்தோடு பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடலாம்.

அளவுப் புத்தகத்தைப் பெறத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவோடு 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் குறையாக இருந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டாலும் 6(3) பிரிவின்படி 5 நாளில் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். மனுக்கள் தோற்பது பெரும்பாலும் கேள்வியின் அமைப்பால்தான். ‘ஏன் வேலை முடியவில்லை?’ என்றால் அது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பிவிடுவார்கள். ‘இன்ன கண்மாயின் இன்ன ஆண்டு வேலைக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், இறுதிப் பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். சட்டம் இந்த உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. எனவே சங்கத்தின் பெயரில் எழுதாமல் உறுப்பினர் பெயரில் எழுதுவது பாதுகாப்பு. ஒருவர் மட்டும் எழுதினால் இரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்ட ஆள் வரக்கூடும். ஐந்து பேர் ஒரே நாளில் ஒரே கேள்வியை அனுப்புவது அந்த ஆபத்தைக் குறைக்கும். அமைப்பு தேவைப்படுவது இங்கே முழுக்க முழுக்கப் பாதுகாப்புக்காக.

ஆக்கிரமிப்பு என்றால் ஆவணங்கள் வேறு. நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் காட்டும் அ-பதிவேட்டின் நகல், புல வரைபடம் இரண்டையும் முதலில் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்மாயின் பதிவுப் பரப்பு அதில் இருக்கும். ஆண்டுதோறும் வருவாய்த் துறை நடத்தும் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் மேசைக்கு வரும். ஆக்கிரமிப்புக்குப் போடும் ‘பி மெமோ’ விவரத்தைக் கேட்பதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை. அளந்து கல் ஊன்றும் நாளில் நில அளவரோடு ஊரார் நிற்பதும், வரைபட நகலில் உடனே குறித்து வாங்குவதும் பிற்பாடு வழக்குக்குப் போனால் கைகொடுக்கும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனுவின் எண்ணைச் சங்க நோட்டில் எழுதிவைக்காமல் விட்டவர்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

கண்மாய்ச் சங்கங்களுக்கு உள்ளேயும் ஒரு குறை உண்டு. ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்தான் உறுப்பினர் என்றால் மீன் பிடிப்பவர், ஆடுமாடு மேய்ப்பவர், கருவேல விறகு வெட்டுபவர், வண்டல் எடுக்கும் மானாவாரி விவசாயி ஆகியோர் வெளியே நிற்கிறார்கள். மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலப் பணம் எப்படிச் செலவாகிறது என்ற கேள்வியில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது. 2017-இல் நீர்நிலைகளை ஊராரே சீர்செய்யும் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் வந்தபோது, வேலை பாசனதாரர் சங்கங்களுக்கே, செலவில் பத்து விழுக்காடு அவர்கள் பங்கு என்று விதி வைத்தார்கள். நல்ல விதி. ஆனால் வேலைக்காகவே அவசரமாகத் தொடங்கிய சங்கங்களின் பின்னால் ஒப்பந்ததாரர்கள் நின்றதாகப் பல ஊர்களில் புகார் எழுந்தது. மழை வருமுன் தண்ணீர் முறையை வகுத்து, வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிக்குக் கூலி கொடுத்து, வரத்துக்காலைத் தாங்களே சுத்தம் செய்து பழகிய சங்கத்துக்கும், பணி ஆணைக்காகப் பிறந்த சங்கத்துக்கும் பதிவுச் சான்றிதழ் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு தீர்மானப் புத்தகத்தின் பழைய பக்கங்களில்தான் தெரியும்.

பத்தாண்டு நடக்காத தேர்தல்

அமைப்பு வலுவாக இருந்தால் ஆட்சி நன்றாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மதுரை மாவட்டத்திலேயே அதற்கு எதிரான வரலாறு இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஊர்க் கட்டுப்பாட்டால் மனுத் தாக்கல் நடக்காமலோ, வென்றவர் பதவியேற்றதும் விலகியோ பத்தாண்டுகள் கழிந்தன. ஊர் ஒற்றுமையாகத்தான் இருந்தது. அந்த ஒற்றுமை ஊரின் ஒரு பகுதியினரை நாற்காலியில் உட்காரவிடாமல் தடுக்கப் பயன்பட்டது. மேலவளவில் நிலை இன்னும் கொடியது. தேர்தலில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்த தலித் மக்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

2006 அக்டோபரில் பாப்பாபட்டி உள்ளிட்ட ஊர்களில் தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். மாவட்ட நிர்வாகம் ஊர்ப் பெரியவர்களோடு பேசியது. அரசியல் கட்சிகள், தலித் அமைப்புகள், மதுரையிலிருந்து இயங்கிய மனித உரிமை அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் இதைப் பேசுபொருளாகவே வைத்திருந்தன. அரசின் உறுதியும் வெளியிலிருந்த அழுத்தமும் ஒன்றுசேரும் வரை சட்டம் காகிதமாகவே இருந்தது. 2021 அக்டோபர் 2 அன்று அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாப்பாபட்டிக் கிராம சபையில் வந்து அமர்ந்தபோது இந்த வரலாறு மீண்டும் நினைவுகூரப்பட்டது.

ஆகவே ஓர் அமைப்பை எடைபோடும்போது எத்தனை பேர் திரண்டார்கள் என்பதோடு யார் யார் பேசினார்கள் என்றும் பார்க்க வேண்டும். மேலூர்ப் பகுதியில் பல ஊர்கள் சேர்ந்த நாட்டார் கூட்டமும், மரபு வழி ஊர்த் தலைவரான அம்பலக்காரர் சொல்லும் ஒரே நாளில் பத்து ஊரைத் திரட்டக்கூடியவை. பதிவு பெற்ற எந்தச் சங்கத்துக்கும் அந்த வேகம் கிடையாது. ஆனால் அந்த மந்தையில் பெண்களுக்கும் தலித் மக்களுக்கும் மரபாக இடம் இருந்ததில்லை. டங்ஸ்டன் எதிர்ப்பில் பெண்கள் பெருந்திரளாக வந்தார்கள். போராட்டம் முடிந்த பின் நடக்கும் ஊர்க் கூட்டங்களில் அவர்களுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதையும் அதே அக்கறையோடு கவனிக்க வேண்டும்.

நகரத்துக்குள்

மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் நிலைமை வேறு. கிராம சபைக்கு நிகராக நகரங்களில் பகுதி சபை 2022 நவம்பர் 1-இல்தான் முதன்முதலாகக் கூடியது. பழக்கம் இன்னும் வேர்விடவில்லை. குடியிருப்போர் நலச் சங்கங்கள் சுறுசுறுப்பானவைதான், ஆனால் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்களின் சங்கங்கள். வாடகைக்கு இருப்பவரின் தண்ணீர்ப் பிரச்சினை அங்கே பேச்சுக்கு வருவது குறைவு.

மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பக்கமும் கடை போடுபவர்களுக்கு 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம் முக்கியமானது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காடு இடம் வியாபாரிகளுக்கு, அதுவும் தேர்தல் மூலம். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை யாரையும் அகற்றக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. சங்கத்தில் சேராத தள்ளுவண்டிக்காரருக்கு இது தெரிவதில்லை. கணக்கெடுப்பு நாளில் வண்டியோடு வேறு தெருவில் நின்றதால் பட்டியலில் விடுபட்டுப் போகிறார். சந்தாவும் சங்க அட்டையும் தருவதோடு, கணக்கெடுப்புப் பட்டியலில் தன் உறுப்பினர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் சங்கம்தான் அவருக்குப் பயன்படும்.

வெளிப் பணமும் தனி அலுவலரும்

பெரிய நிறுவனங்களின் கவனம் எங்கே திரும்புகிறது என்பதைப் பணம் வரும் திசையே முடிவுசெய்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நன்கொடையை டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் பெற வேண்டும். நிர்வாகச் செலவு 50-இலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. ஒரு நிறுவனம் பெற்ற தொகையை இன்னொரு சிறு அமைப்புக்குப் பகிர முடியாது. இந்தக் கடைசித் தடைதான் கிராமத்துச் சிறு அமைப்புகளை அதிகம் பாதித்தது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியோ கட்டடம், கருவி, மரக்கன்று என்று படம் பிடிக்கக்கூடியவற்றை விரும்புகிறது. கணக்கு எழுதக் கற்றுத்தரும் மூன்றாண்டு வேலைக்கு அங்கே பணம் கிடைப்பது கடினம். உறுப்பினர் சந்தாவிலும் வட்டி வருவாயிலும் தன் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கும் கூட்டமைப்பு மெதுவாகத்தான் வளரும். ஆனால் திட்டம் முடிந்த மறுநாளும் அதன் கதவு திறந்திருக்கும்.

மதுரை உட்பட 27 மாவட்டங்களில், 2019 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தல்லாகுளம் நோக்கி மக்கள் நடந்ததற்கு இரண்டு நாள் முன்பு. 2016-க்கும் 2019-க்கும் இடையிலும் இதேபோலத் தேர்ந்தெடுத்தவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து போட்ட காசோலைக் கையெழுத்து, ஒன்றிய அலுவலரான தனி அலுவலரிடம் போய்விடும். ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளுக்கும் அவர் ஒருவரே. தெருவில் நிறுத்திக் கேட்கத் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை.

அத்தகைய இடைவெளியிலும் கிராம சபை கூடியாக வேண்டும். தீர்மானப் புத்தகம் ஊராட்சிச் செயலரிடம் இருக்கும். தலைவர் மாறும்போதும் பதவி காலியாகும்போதும் முதலில் செய்ய வேண்டியது, கடைசிக் கூட்டத்தின் கடைசித் தீர்மானம் எந்தப் பக்கத்தில் முடிகிறது என்று பார்த்து, பக்க எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, நிலுவைத் தீர்மானங்களின் நகலை எழுத்து மூலம் கேட்டு ஒப்புகை வாங்கிவைப்பது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்போ கண்மாய்ச் சங்கமோ அந்த நகலைத் தன் அலமாரியில் வைத்திருந்தால், அடுத்து வரும் தலைவர் யாராக இருந்தாலும் முதல் கிராம சபையில் அந்தப் பக்கத்திலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.